ஆபீஸுக்கு ஃபோன் சிஸ்டம் போடச் சொன்னாங்களா? அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



வழக்கமா இங்க மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், கிரெடிட் ஸ்கோர்னு உங்க பணத்தைப் பத்திதான் பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் வேற விஷயம். பணம் உங்களோடது இல்ல, ஆனா கையெழுத்து உங்களோடது. அப்படி ஒரு செலவைப் பத்திப் பேசப் போறோம்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். அக்கவுண்ட்ஸ்லயோ அட்மின்லயோ இருப்பீங்க. ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "தம்பி, புது ஆபீஸுக்கு ஃபோன் சிஸ்டம் போடணும். நீயே ஆளைப் பிடிச்சு முடிச்சிரு"ன்னு சொல்லிட்டுப் போயிருவார். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் வேலை. உங்க மாசச் சம்பளத்தைப் போல நாலஞ்சு மடங்கு. காலேஜ்ல யாரும் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.

எனக்கும் அப்படித்தான் ஆச்சு. என் கதையை முதல்ல சொல்லிடறேன்.

மாப்பிள்ளையூரணியில நான் கட்டின ஃபீஸ்

தூத்துக்குடி டவுனுக்கு வடக்கே ஒட்டியே இருக்கு மாப்பிள்ளையூரணி. ஒரு பக்கம் தாளமுத்துநகர், இன்னொரு பக்கம் உப்பளம், அதைத் தாண்டினா கடல். நான் வேலை பார்த்தது ஒரு சின்ன கிளியரிங் ஏஜென்ஸி. துறைமுகம் வழியா போற கன்டெய்னருக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் பார்க்கிற ஆபீஸ். டவுன்ல வாடகை கட்டுபடியாகலைன்னு இங்க ரெண்டு மாடிக் கட்டடத்துக்கு மாறினோம். இருபது பேர், நாலு வெளி லைன். ஃபோன் வேலை என் தலையில வந்துச்சு.

தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு கான்ட்ராக்டரைக் கூட்டிட்டு வந்தார். நல்லாப் பேசினார். "தம்பி, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நாலே நாள்ல போட்டுத் தாரேன். பாதி அட்வான்ஸ் மட்டும் போட்டு விடுங்க, சாமான் எடுத்திருதேன்"னார். ஒரே பக்கத்துல கொட்டேஷன். அதுல மூணே மூணு வரி. அதோட ஓரத்துல "ஓகே"ன்னு எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். பாதிப் பணம் போச்சு. பெட்டி வந்து இறங்கினதும், "சாமான் வந்துட்டுல்லா தம்பி, இன்னொரு முப்பது சதவீதம்"னார். அதையும் போட்டேன். அதாவது ஒரு ஃபோன் கூட அடிக்கிறதுக்கு முன்னாடியே 80% பணம் கையை விட்டுப் போயிருச்சு.

சிஸ்டம் ஓடத்தான் செஞ்சுது. ஆனா அரைகுறையா. ரெண்டு எக்ஸ்டென்ஷன்ல இரைச்சல். ராத்திரி வர்ற காலை முதலாளியோட மொபைலுக்குத் திருப்பி விடணும்னு வாயால சொல்லியிருந்தோம்; அது நடக்கவே இல்ல. கேட்டா, "வாரேன் தம்பி, நாளைக்கு வாரேன்." அந்த நாளைக்கு வரவே இல்ல.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஏற்றுமதி கன்டெய்னர் ஒண்ணுக்குப் பேப்பர்ல ஒரு திருத்தம் வேணும்னு ஷிப்பிங் லைன்ல இருந்து ஆபீஸ் நம்பருக்கு மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க. மூணு தடவையும் ஆளில்லாத எக்ஸ்டென்ஷன்ல மணி அடிச்சு நின்னுருச்சு. கட்-ஆஃப் நேரம் தாண்டிப் போச்சு. அந்தக் கப்பல்ல சரக்கு ஏறல. அடுத்த கப்பலுக்குக் காத்திருந்த வாடகையை எங்க ஆபீஸ்தான் கட்டுச்சு. கஸ்டமர் பேசின பேச்சு தனி.

அப்புறம் கான்ட்ராக்டர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். சிஸ்டத்தோட அட்மின் பாஸ்வேர்டு அவர்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. மதுரையில இருந்து வேற டெக்னீஷியனைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் அழிச்சு, முதல்ல இருந்து புரோகிராம் பண்ணி, கொஞ்சம் கேபிளையும் மாத்தினதுக்கு ரூ.34,000 ஆச்சு.

முதலாளி சத்தம் போடல. "பணம் போனா சம்பாதிச்சுக்கலாம் தம்பி. பேப்பர்ல கையெழுத்து யாருதுன்னு மட்டும் பாரு"ன்னார். அது திட்டினதை விட வலிச்சுது.

இந்தக் கரையில முத்துக்குளிப்பு நடந்த காலத்துல, கரைக்கு வந்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்குல ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருக்கா, வெறும் சதைதானான்னு ஏலம் எடுக்கிறவருக்குத் தெரியாது. நான் செஞ்சதும் அதேதான். ஆனா சிப்பியைத் திறந்து பார்க்க அங்க வழி இல்ல. கொட்டேஷனைத் திறந்து பார்க்க இங்க வழி இருக்கு. வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

1. முதல்ல என்ன வாங்கறோம்னு தெரிஞ்சுக்கோங்க

டெக்னிக்கல் விஷயம்னு பயப்படாதீங்க. நாலு வார்த்தை தெரிஞ்சா போதும்.

எக்ஸ்டென்ஷன்: ஆபீஸுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு ஃபோனும்.
டிரங்க்: வெளியில இருந்து வர்ற லைன். 0461-ல ஆரம்பிக்கிற உங்க நம்பர் எல்லாம் இதுதான்.
இபிஏபிஎக்ஸ்: இந்த ரெண்டையும் இணைக்கிற பெட்டி. இருபது பேருக்கு இருபது லைன் வாங்காம, நாலு லைனை இருபது பேர் பகிர்ந்துக்க வைக்கிறது இதுதான்.
சிப் டிரங்க்: மாசாமாசம் நீங்க போடற எஸ்ஐபி இல்லைங்க! இன்டர்நெட் வழியா வர்ற ஃபோன் லைன். ஒரு கனெக்‌ஷன்லயே ஒரே நேரத்துல எத்தனை கால் வேணுமோ அத்தனை சேனல் வாங்கிக்கலாம்.

இப்ப சந்தையில மூணு வகை இருக்கு. பழைய அனலாக் இபிஏபிஎக்ஸ்: ஒவ்வொரு ஃபோனுக்கும் தனி ஜோடிக் கம்பி. ஐபி பிபிஎக்ஸ்: கம்ப்யூட்டருக்குப் போற நெட்வொர்க் கேபிள்லயே ஃபோனும் ஓடும். மூணாவது கிளவுட்: பெட்டியே உங்க ஆபீஸ்ல இருக்காது, ஆளுக்கு இவ்வளவுன்னு மாச வாடகை.

நம்ம நாட்டுல இந்தத் தொழிலுக்கு ஒரு வரலாறும் இருக்கு. 1984-ல சாம் பிட்ரோடா முன்னெடுத்து மத்திய அரசு சி-டாட் நிறுவனத்தை ஆரம்பிச்சுது. வெளிநாட்டு இறக்குமதியை நம்பாம, நம்ம வெயிலுக்கும் தூசிக்கும் தாங்குற எக்ஸ்சேஞ்சை இங்கயே வடிவமைச்சாங்க. 128 இணைப்பு கொண்ட பெட்டி ஆபீஸ் பிபிஎக்ஸாவும், கிராம எக்ஸ்சேஞ்சாவும் வந்துச்சு. அந்தத் தொழில்நுட்பத்தைப் பல இந்தியக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்துத் தயாரிக்க வெச்சாங்க. வதோதராவுல இருக்கிற மேட்ரிக்ஸ் மாதிரி இந்திய பிராண்டுகள் இன்னைக்கும் சந்தையில இருக்கு.

பிராண்டு பெரிசுன்னா பயமில்லைன்னு நினைக்காதீங்க. அவாயா 2017-லயும் 2023-லயும் ரெண்டு தடவை அமெரிக்காவுல திவால் பாதுகாப்பு கேட்டுச்சு. மைட்டெல் 2025-ல கேட்டுச்சு. ஒரு காலத்துல கொடிகட்டிப் பறந்த நார்டெல் 2009-ல விழுந்து போச்சு. அதனால கொட்டேஷன் வாங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த மாடல் இப்பவும் தயாரிப்புல இருக்கா? கார்டு போச்சுன்னா இன்னும் அஞ்சு வருஷத்துக்கு உதிரி கிடைக்குமா?" தள்ளுபடியில வர்ற மாடல் பல நேரம் நிறுத்தப்பட்ட மாடலா இருக்கும்.

2. உங்களுக்கு உண்மையிலேயே எத்தனை ஃபோன் வேணும்?

நான் செஞ்ச முதல் தப்பு இதுதான். இருபது பேர்னா இருபது எக்ஸ்டென்ஷன்னு கேட்டேன். ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருந்தா, லேண்ட்லைன் ஃபோனைத் தினமும் தொடறவங்க ஆறு பேர்தான்னு தெரிஞ்சிருக்கும். மத்தவங்க எல்லாம் மொபைல்.

கான்ட்ராக்டரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத்தாள் எடுத்து இதை எழுதுங்க:

- தினமும் ஆபீஸ் ஃபோன் பேசறவங்க எத்தனை பேர்?
- பரபரப்பான நேரத்துல ஒரே சமயம் எத்தனை வெளி கால் ஓடும்?
- ராத்திரி, ஞாயிறு, பண்டிகை நாள்ல வர்ற கால் யாருக்குப் போகணும்?
- கால் ரெக்கார்டிங் வேணுமா?
- மூணு வருஷத்துல எத்தனை பேர் கூடுவாங்க?
- இப்ப இருக்கிற நம்பர் அப்படியே வேணுமா?

இந்தத் தாளை எல்லா கான்ட்ராக்டருக்கும் ஒரே மாதிரி கொடுங்க. இல்லைன்னா ஒருத்தர் எட்டு எக்ஸ்டென்ஷனுக்கும், இன்னொருத்தர் இருபத்துநாலு எக்ஸ்டென்ஷனுக்கும் விலை போடுவாங்க. அப்புறம் ரெண்டையும் எப்படி ஒப்பிடுவீங்க?

3. கொட்டேஷனை அஞ்சு வருஷக் கணக்குல பாருங்க

லோன் வாங்கும்போது இஎம்ஐ மட்டும் பார்க்காதீங்க, மொத்த வட்டியைப் பாருங்கன்னு எத்தனை வீடியோவுல சொல்லியிருக்கோம்! இங்கயும் அதே விதிதான். ஒரு உதாரணக் கணக்கு போடலாம். ஜிஎஸ்டி சேர்க்காம பார்ப்போம். உங்க கம்பெனி ஜிஎஸ்டில பதிவு பண்ணியிருந்தா அந்த 18 சதவீதத்தைப் பெரும்பாலும் இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம். ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை உறுதி பண்ணிக்கோங்க.

முதல் கொட்டேஷன்: சிஸ்டம் ரூ.95,000. கேபிள் "ஆக்சுவல்படி". ஒரு வருஷ வாரண்டி. அப்புறம் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி, வருஷம் ரூ.12,000.

ரெண்டாவது: கேபிள் உள்பட ரூ.1,30,000. ரெண்டு வருஷ வாரண்டி. அப்புறம் ஏஎம்சி வருஷம் ரூ.8,000.

மூணாவது: கிளவுட். ஆளுக்கு மாசம் ரூ.250.

மேலோட்டமா பார்த்தா முதல் ஆள் ரூ.35,000 குறைச்சல். இப்ப அஞ்சு வருஷத்துக்குப் போடுங்க.

முதல் ஆள்: 95,000 + கேபிளுக்கு "ஆக்சுவல்"னு கடைசியில வந்த பில் 22,000 + நாலு வருஷ ஏஎம்சி 48,000 = ரூ.1,65,000.
ரெண்டாவது ஆள்: 1,30,000 + மூணு வருஷ ஏஎம்சி 24,000 = ரூ.1,54,000.
கிளவுட், இருபது பேருக்கு: மாசம் 5,000, அஞ்சு வருஷத்துக்கு ரூ.3,00,000.
அதே கிளவுட், ஆறு பேருக்கு: மாசம் 1,500, அஞ்சு வருஷத்துக்கு ரூ.90,000.

பார்த்தீங்களா? குறைஞ்ச கொட்டேஷன் கடைசியில ரூ.11,000 அதிகம். கிளவுட் ஒரே நேரத்துல ரொம்ப விலையாவும் ரொம்ப மலிவாவும் இருக்கு. வித்தியாசம் எங்க? நீங்க எழுதின அந்த வெள்ளைத்தாள்ல. அதனாலதான் விலை கேட்கிறதுக்கு முன்னாடி ஆளை எண்ணச் சொன்னேன்.

"ஆக்சுவல்படி"ங்கிற வார்த்தையைப் பார்த்தாலே பேனாவை மூடுங்க. மீட்டருக்கு எவ்வளவு, அதிகபட்சம் எத்தனை மீட்டர்னு எண் வேணும்.

4. தூத்துக்குடிக்காரங்க கூடுதலா கேட்க வேண்டியது

ஊருக்கு ஊர் பிரச்சினை வேற. சென்னையில போட்ட லிஸ்ட்டை அப்படியே இங்க கொண்டு வந்தா செல்லாது.

உப்புக் காத்து: உப்பளத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஆபீஸ்ல ஒரு வருஷத்துல ஜாக் பின் எல்லாம் பச்சை பிடிச்சிரும். எங்க ரெண்டு எக்ஸ்டென்ஷன்ல வந்த இரைச்சலுக்குக் காரணம் அதுதான். பெட்டியும் ஜாயிண்டும் மூடின ரேக்குக்குள்ள இருக்கணும். ஜன்னலோரமா திறந்து கிடக்கக் கூடாது.

கேபிள்: நெட்வொர்க் கேபிள்ல ஒரு பெரிய ஏமாத்து நடக்குது. அலுமினியக் கம்பி மேல மெல்லிசா செம்பு பூசி, செம்புக் கேபிள்னு வித்துருவாங்க. கண்டுபிடிக்க வழி சுலபம். ஒரு கம்பியைக் கத்தியால லேசா சுரண்டுங்க. உள்ள வெள்ளியா தெரிஞ்சா அது அலுமினியம். சும்மா ரெண்டு மூணு தடவை வளைச்சாலே ஒடிஞ்சிரும். கேபிள் வழியாவே கரண்ட் வாங்குற ஐபி ஃபோனுக்கு இது ஆகவே ஆகாது, சூடாகும். இன்னொண்ணு, நெட்வொர்க் கேபிள் ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு 100 மீட்டருக்கு மேல போகக் கூடாது. பெரிய கொடவுன் இருக்கிறவங்க இதைக் கவனிங்க.

வெள்ளம்: 2023 டிசம்பர் 17, 18-ஐ நம்ம ஜில்லாவுல யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி டவுன்ல எத்தனையோ கடை, ஆபீஸுக்குள்ள தண்ணி. தரையில வெச்சிருந்த யுபிஎஸ், பேட்டரி எல்லாம் போச்சு. ரேக்கை மாடியில வைங்க. மாடி இல்லைன்னா சுவர்ல ஆள் உயரத்துக்கு மாட்டச் சொல்லுங்க. கொட்டேஷன்லயே "சுவர் ரேக்"னு எழுதி வாங்குங்க.

கரண்ட்: பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சோட பேட்டரியில இருந்தே கரண்ட் வரும். அதனாலதான் நம்ம வீட்டுல கரண்ட் போனாலும் அந்தக் காலத்து ஃபோன் அடிச்சுது. ஃபைபர்லயும் ஐபி ஃபோன்லயும் அது கிடையாது. கரண்ட் போனா ஃபோனும் போச்சு. பிபிஎக்ஸ், ஸ்விட்ச், ஃபைபர் மோடம் மூணுமே யுபிஎஸ்ல இருக்கணும். மோடத்தை மறந்துட்டா மத்த ரெண்டும் ஓடிப் பிரயோஜனமில்ல.

இடி: ஐப்பசி, கார்த்திகை இடிக்கு ஒரு டிரங்க் கார்டு போறது சாதாரணம். எர்த்திங்கும், வெளி லைன்ல சர்ஜ் புரொடக்டரும் இருக்கான்னு கேளுங்க. இடியால போனா வாரண்டி உண்டான்னும் கேளுங்க. பல பேர் இல்லைன்னு சொல்வாங்க. அதை வேலைக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது.

இன்டர்நெட் ஸ்பீடைப் பத்தி மட்டும் கவலை வேண்டாம். ஒரு காலுக்கு 100 கேபிபிஎஸ்னு வெச்சுக்கிட்டா போதும். நாலு கால் ஒரே சமயம் ஓடினாலும் அரை எம்பிபிஎஸ் ஆகாது. ஸ்பீடை விட லைன் அடிக்கடி விழாம இருக்கிறதுதான் முக்கியம்.

5. பணத்தைப் படிப்படியா விடுங்க

பாக்கி வைக்கிற பணம்தான் கான்ட்ராக்டரைத் திரும்ப உங்க வாசலுக்கு வர வைக்கும். என் கதையில 80% கொடுத்த பிறகு அவருக்கு வர்றதுக்கு என்ன காரணம் இருக்கு, சொல்லுங்க!

நான் இப்ப வெச்சிருக்கிற கணக்கு இது:

- ஒர்க் ஆர்டர் கையெழுத்தானதும் 20%
- சாமான் வந்து, மாடலும் சீரியல் நம்பரும் ஒர்க் ஆர்டரோட ஒத்துப் போனதும் 30%
- எல்லாம் மாட்டி, நம்ம டெஸ்ட் முடிஞ்சதும் 40%
- ஒரு மாசம் கோளாறில்லாம ஓடினதும் மீதி 10%

சின்ன கான்ட்ராக்டருக்கு முதல் போட காசு இருக்காது, அவரோட கஷ்டமும் உண்மைதான். 20% பத்தாதுன்னு சொன்னா, பெட்டியை உங்க கம்பெனி பேர்ல நேரா டீலர்கிட்ட நீங்களே வாங்கிட்டு, அவருக்குக் கூலியும் கேபிளும் மட்டும் கொடுங்க. வாரண்டி கார்டும் உங்க பேர்லயே வரும்.

நேர்மை ரெண்டு பக்கமும் வேணும். அவர் உத்யம் பதிவு செஞ்ச குறு, சிறு நிறுவனமா இருந்தா, 2006-ம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல, இல்லைன்னா 15 நாள்ல பணம் போயிரணும். தாமதிச்சா உங்க கம்பெனிக்கு வருமான வரியிலயும் சிக்கல் வரலாம். அந்தக் கடைசி 10% எப்ப, எந்த நிபந்தனையில தரப்படும்னு ஒர்க் ஆர்டர்லயே எழுதிருங்க.

டிடிஎஸ் மறக்காதீங்க. கான்ட்ராக்ட் வேலைக்குத் தனிநபர்னா 1%, கம்பெனி அல்லது பார்ட்னர்ஷிப்னா 2%. ஒரு பில் ரூ.30,000 தாண்டினாலோ, வருஷ மொத்தம் ரூ.1 லட்சம் தாண்டினாலோ பிடிக்கணும். ஜிஎஸ்டி தனியா காட்டியிருந்தா அதை விட்டுட்டு மீதிக்குத்தான் டிடிஎஸ். பான் நம்பர் தரலைன்னா 20%. அதனால அட்வான்ஸ் கொடுக்கிற அன்னைக்கே பான் வாங்கிருங்க. 2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கு; பழைய 194சி-யைத் தேடாம ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஜிஎஸ்டி நம்பர் உயிரோட இருக்கான்னு ஜிஎஸ்டி போர்ட்டல்ல இலவசமா பார்க்கலாம். ரெண்டு நிமிஷ வேலை.

6. ஒர்க் ஆர்டர்ல என்ன இருக்கணும்?

ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. வீட்டுக்கு வாங்கின பொருள் சரியில்லைன்னா நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம். ஆனா வணிக நோக்கத்துக்காக வாங்கினதுக்கு, 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவா அந்தக் கதவு திறக்காது. சொந்தமா சுயதொழில் செஞ்சு பிழைக்கிறவங்களுக்குத்தான் விலக்கு. அதனால கம்பெனிக்கு இருக்கிற உண்மையான பாதுகாப்பு அந்த ஒர்க் ஆர்டர்தான். ரெண்டு பக்கம் போதும், ஆனா இதெல்லாம் இருக்கணும்:

- ஒவ்வொரு சாமானோட பிராண்டு, மாடல், எண்ணிக்கை
- கேபிள் வகை, மீட்டர் விலை, உச்ச அளவு
- சுவர்ல ஓட்டை போட்டா பூசித் தர்றது யார் பொறுப்பு
- முடிக்க வேண்டிய தேதி
- வாரண்டி பில் தேதியில இருந்து இல்ல, டெஸ்ட் முடிஞ்ச தேதியில இருந்து
- கோளாறுன்னா எத்தனை மணி நேரத்துல ஆள் வருவாங்க
- ராத்திரி கால் திருப்பி விடறது உள்பட எல்லா வசதியும் எழுத்துல
- அட்மின் பாஸ்வேர்டு, செட்டிங் பேக்கப், எக்ஸ்டென்ஷன் வரைபடம் மூணும் கம்பெனியோட சொத்து

7. பாஸ்வேர்டு: இதை விட்டா லட்சக்கணக்குல போகும்

ஐபி பிபிஎக்ஸ் இன்டர்நெட்டோட இணைஞ்சிருக்கு. கம்பெனில இருந்து வந்த பாஸ்வேர்டை மாத்தாம விட்டா, யாரோ ஒருத்தர் உள்ள புகுந்து உங்க லைன்ல வெளிநாட்டு நம்பர்களுக்குக் கூப்பிடுவார். பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரி தொடங்கி திங்கள் காலையில முடியும். பில் உங்களுக்கு. உலகம் முழுக்க இதுக்கு "டோல் ஃப்ராடு"ன்னு பேர்.

செய்ய வேண்டியது: உங்க கண் முன்னாடியே பாஸ்வேர்டை மாத்தச் சொல்லுங்க. ஐஎஸ்டி தேவையில்லைன்னா டெலிகாம் கம்பெனிகிட்ட சொல்லி லைன்லயே அடைச்சிருங்க. ஏமாந்துட்டீங்கன்னா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க.

இன்னொரு எச்சரிக்கை. "வெளிநாட்டுக் காலை லோக்கல் சிம் வழியா இறக்கித் தாரேன், செலவே இல்ல"ன்னு யாராவது சிம் பாக்ஸ் காட்டினா கிட்டயே போகாதீங்க. லைசென்ஸ் இல்லாம அப்படிச் செய்றது குற்றம். போலீஸ் முதல்ல வர்றது கையெழுத்துப் போட்டவரைத் தேடித்தான்.

8. கடைசிப் பணத்துக்கு முன்னாடி ஒரு மணி நேர டெஸ்ட்

கான்ட்ராக்டர் பக்கத்துல நிக்கும்போதே இதையெல்லாம் செய்யுங்க:

- ஒவ்வொரு ஃபோன்ல இருந்தும் ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய, ஒரு டிரான்ஸ்ஃபர்
- எல்லா வெளி லைன்லயும் ஒரே சமயம் கால்
- மெயின் சுவிட்சை அணைச்சு 15 நிமிஷம் பேசிப் பாருங்க
- கரண்ட் வந்ததும் தானா பழைய செட்டிங்குக்கு வருதா?
- ராத்திரி மோடுல போட்டு வெளியில இருந்து கூப்பிட்டுப் பாருங்க
- பேக்கப்பை பென் டிரைவ்ல வாங்குங்க

அந்த "ராத்திரி மோடு" வரியை மட்டும் நான் அன்னைக்கு டெஸ்ட் பண்ணியிருந்தா அந்தக் கன்டெய்னர் கப்பல் ஏறியிருக்கும்.

உங்க சொந்தப் பணத்துக்கு ரெண்டு விஷயம்

ஒண்ணு, ஆபீஸ் அட்வான்ஸை உங்க கிரெடிட் கார்டுல போடாதீங்க. "பாயிண்ட் வரும், அடுத்த வாரம் கம்பெனி தந்துரும்"னு தோணும். கம்பெனி பணம் கார்டு பில் கட்ட வேண்டிய கடைசித் தேதி தாண்டிப் போனா, மாசம் 3.5% வட்டி போடற கார்டுல வருஷக் கணக்குக்கு 42% ஆகுது. வேலையில தகராறு வந்தா அந்தப் பணம் எப்ப வரும்னும் தெரியாது.

ரெண்டு, கொஞ்சம் சங்கடமான விஷயம். எனக்கும் நடந்துச்சு. "தம்பி, உங்களுக்கு ஒரு அஞ்சு ரூவா தனியா பார்த்துத் தாரேன்"னார். அஞ்சு ரூவான்னா இங்க அஞ்சாயிரம். நான் வாங்கல. பெரிய உத்தமன்னு சொல்லிக்கல, பயம்தான். ஆனா இன்னைக்கு யோசிச்சா, அன்னைக்கு அதை வாங்கியிருந்தா முதலாளி முன்னாடி நின்னு "அவர் வேலை சரியில்லை"ன்னு என்னால வாயைத் திறந்திருக்கவே முடியாது. அந்த அஞ்சாயிரமும் கடைசியில உங்க கம்பெனி கொட்டேஷனுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். அவர் குறைக்கிறேன்னா பில்லுல குறைக்கச் சொல்லுங்க.

கடைசியா

ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆபீஸ்ல சிசிடிவி போடற வேலை வந்துச்சு. வேற யார்கிட்டயாவது கொடுப்பார்னு நினைச்சேன். முதலாளி என்னையே கூப்பிட்டார். "பழைய நோட்டை எடுத்துக்கோ. இந்தத் தடவை அந்த 34,000-த்தைத் திருப்பி எடுத்திரு"ன்னார். மூணு கொட்டேஷன், ஒரே லிஸ்ட், 20-30-40-10. வேலை ஒழுங்கா முடிஞ்சுது. கடைசி பத்து சதவீதத்தை வாங்க அந்த கான்ட்ராக்டர் சிரிச்ச முகத்தோட வந்து, டீ குடிச்சிட்டுப் போனார். இப்பவும் ஒரு கேமரா மங்கினா கூப்பிட்ட அன்னைக்கே வர்றார்.

இந்தப் பழக்கம் ஆபீஸோட நிக்காது நண்பர்களே. நாளைக்கு நீங்க வீட்டுக்கு இன்வெர்ட்டர் போடுவீங்க, சோலார் போடுவீங்க, அம்மாவுக்கு மாடுலர் கிச்சன் போடுவீங்க, ஒருநாள் வீடே கட்டுவீங்க. அப்ப போறது உங்க பணம். இன்னைக்கு ஆபீஸ் காசுல படிக்கிற இந்தப் பாடம் அன்னைக்கு உங்க காசைக் காப்பாத்தும்.

அந்த வெள்ளைத்தாளை இன்னைக்கே எடுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!